கேள்வி, நிரம்பல், அதிர்ச்சி: ‘மொத்தம்’ என்ற சொல் மறைப்பன

பொருளியற் பாடநூல்களுள் நெடுங்காலம் அடங்கிக் கிடந்த சில கலைச்சொற்கள் 2022ஆம் ஆண்டின் பின் நமது நாளிதழ்களின் ஆசிரிய தலையங்கங்களுக்கும் தேநீர்க்கடை உரையாடல்களுக்கும் வந்து சேர்ந்துள்ளன. மொத்தக் கேள்வி, மொத்த நிரம்பல், நிரம்பல் அதிர்ச்சி, சமநிலை என்பன அவற்றுட் சில. சொற்கள் பரவிய அளவுக்கு அவற்றின் பொருளும் பரவியுள்ளதெனக் கூறுவதற்கில்லை. நெருக்கடி நீங்கிவிட்டது, கேள்வியும் நிரம்பலும் மீண்டும் சமநிலை எய்திவிட்டன என்று அறிஞர் சிலர் கூறும்போது, அக்கூற்று எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லாது விடுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கிய மாணவர் இத்துறையிற் புகுதல் வரம்பு மீறலாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயின், சொற்களின் சமூக உள்ளடக்கம் இலக்கிய ஆய்வுக்குப் புறம்பானதன்று. அன்றியும், அரசியற் பொருளாதாரத்தை நிபுணர்களின் தனிச்சொத்தாக விட்டுவைத்ததன் பலனை இந்நாடு அண்மையிற் போதிய அளவு அனுபவித்துள்ளது.

முதலிற் சொற்களை நோக்குவோம். பொருளியலின் அடிப்படைச் சொல்லிணையைத் தமிழாக்கியபோது தமிழ்நாட்டார் ‘தேவை’, ‘அளிப்பு’ எனவும், இலங்கையர் ‘கேள்வி’, ‘நிரம்பல்’ எனவும் வழங்கினர். தமிழ்நாட்டு வழக்கே எளிதில் விளங்குவது என்பாரும் உளர். நமது கருத்து வேறு. ‘தேவை’ என்னும் சொல் பசியையும் பணத்தையும் ஒன்றாக்கி விடுகிறது. பசித்தவனுக்கு அரிசி தேவை என்பதில் ஐயமில்லை. சந்தையோ விலை கொடுக்கும் ஆற்றலோடு கூடிய விருப்பத்தை மாத்திரமே அறியும். விலை கேட்டு வாங்கும் செயலோடு ஒட்டிய ‘கேள்வி’ என்ற சொல் இவ்வேறுபாட்டை ஓரளவு காப்பாற்றி வைத்திருக்கிறது. கையிற் காசில்லாதவன் கேட்பது சந்தையின் காதில் விழுவதில்லை. சந்தையில் வெளிப்படும் சமூகத் தேவைக்கும் மெய்யான சமூகத் தேவைக்கும் இடையேயுள்ள தொலைவு வர்க்க உறவுகளாற் தீர்மானிக்கப்படுவது என்பதை மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் எடுத்துக்காட்டியமை இங்கு நினைவுகூரத்தக்கது. பின்வரும் விளக்கம் முழுவதிலும் வாசகர் இத்தொலைவை மனங்கொள்ளுதல் வேண்டும்.

தனியொரு பண்டத்துக்கான கேள்வியினின்றும் மொத்தக் கேள்வி வேறுபட்டது. குடும்பங்களின் நுகர்வுச் செலவு, முதலீட்டுச் செலவு, அரசாங்கச் செலவு, ஏற்றுமதியிலிருந்து இறக்குமதியைக் கழித்த மீதி ஆகிய நான்கும் சேர்ந்ததே ஒரு நாட்டின் மொத்தக் கேள்வி எனப்படும். பொது விலைமட்டம் உயரும்போது மக்கள் கையிலுள்ள பணத்தின் கொள்வனவு ஆற்றல் குறைகிறது. வட்டி வீதம் ஏறி முதலீடு தளர்கிறது. ஏற்றுமதிப் பண்டங்கள் பிறநாட்டாருக்கு விலைகூடியனவாகின்றன. ஆகவே விலைமட்டம் ஏறக் கேள்வி சுருங்கும். வரைபடத்தில் மொத்தக் கேள்வி வளையி இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும்.

மொத்த நிரம்பல் வளையி குறுங்காலத்தில் இதற்கு எதிர்மாறாக ஏறிச் செல்லும். ஏன் ஏறுகிறது என்பது கூர்ந்து நோக்கவேண்டிய இடமாகும். விலைகள் உயரும்போது கூலி உடனே உயர்வதில்லை. ஒப்பந்தங்களும் வழக்கமும் அதனைத் தடுத்து வைக்கின்றன. விற்பனை விலைக்கும் கூலிச் செலவுக்கும் இடைப்பட்ட இலாபம் பெருக, உற்பத்தியாளர் உற்பத்தியைப் பெருக்குவர். பாடநூல் இவ்விளக்கத்தை இரண்டு வரியிற் சொல்லி அப்பாற் செல்லும். அவ்விரு வரிகளும் சொல்வது யாதெனில், நிரம்பல் வளையி மேல்நோக்கிச் செல்வதற்குத் தொழிலாளியின் மெய்க்கூலி கீழ்நோக்கிச் செல்லவேண்டும் என்பதே. வர்க்கம் என்ற சொல் எங்கும் இடம்பெறாத ஒரு வரைபடத்தில் வர்க்கம் இவ்வாறு சத்தமின்றி அமர்ந்திருக்கிறது.

விலைமட்டம் மாறுவதால் வளையியின் மீது ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளிக்கு நகர்வது வேறு; வளையி முழுவதுமே இடம்பெயர்வது வேறு. இரண்டாவதை விளைவிக்கும் திடீர் நிகழ்ச்சியையே பொருளியலார் அதிர்ச்சி என்பர். கேள்வி வளையி இடம்பெயர்ந்தால் விலையும் உற்பத்தியும் ஒரே திசையிற் செல்லும்: கேள்வி பெருகின் இரண்டும் ஏறும், சுருங்கின் இரண்டும் இறங்கும். நிரம்பல் வளையி இடப்புறம் பெயர்ந்தாலோ இரண்டும் எதிர்த்திசைகளிற் பிரியும்: உற்பத்தி வீழும், விலை ஏறும். தேக்கமும் வீக்கமும் ஒருங்கே தோன்றும் இந்நிலையைத் தேக்கவீக்கம் என்கின்றோம். நோயின் பெயரறிய நாடி பிடிப்பது போல, விலையும் உற்பத்தியும் செல்லும் திசைகளை ஒப்புநோக்கி எவ்வகை அதிர்ச்சி தாக்கியது என்பதை உணரலாம். இக்கருவியின் பயன் உண்மையானது. மார்க்சியர் சிலர் இதனை முதலாளித்துவப் பொருளியல் எனத் தள்ளிவிடுவது, வெப்பமானியை அதைச் செய்தவன் யார் என்று பார்த்துத் தள்ளுவதை ஒக்கும்.

கேள்வி அதிர்ச்சியின் பேருதாரணம் 1929இன் பின் வந்த பெருமந்தம். நிரம்பல் தனக்குரிய கேள்வியைத் தானே படைத்துக்கொள்ளும் என்ற ஸேயின் கோட்பாட்டை மார்க்ஸ் முன்னரே கண்டித்திருந்தார். போலந்து நாட்டுக் கலெக்கி 1933இலும் கெயின்ஸ் 1936இலும் அக்கோட்பாட்டுக்கு மாற்றாக விளைவுறு கேள்வி பற்றிய கொள்கையை வகுத்தனர். இலங்கையில் அம்மந்தம் தேயிலை, றப்பர் விலைகளின் வீழ்ச்சியாக வந்தது. உலகின் கேள்வி சுருங்கிய கணக்கு இங்கே கூலிக்குறைப்பாகவும், தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதாகவும் எழுதப்பட்டது.

எதிர்த்திசையில் வந்த அதிர்ச்சிக்குக் கொரிய யுத்தம் சான்று. 1950-51இல் வல்லரசுகள் றப்பரை வாங்கிக் குவித்தமையால் விலை பெருகி ஏற்றுமதி வருமானம் உயர்ந்தது. அவ்வேற்றம் நிலைக்கவில்லை. 1952இல் றப்பர் விலை வீழ, இறக்குமதி அரிசியின் விலையோ ஏறிற்று. வெளிநாட்டுச் சொத்துக்கள் கரைந்தன. சீனாவுடனான றப்பர்-அரிசி ஒப்பந்தம் அவ்வாண்டு டிசம்பரிற் கைச்சாத்தானது இச்சூழலிலேயே. 1953 யூலை வரவு செலவுத் திட்டத்தில் அன்றைய நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் வெடித்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடவேண்டியதாயிற்று. பிரதமர் டட்லி சேனநாயக்கா ஒக்டோபரிற் பதவி துறந்தார். அரிசி விலையும் 55 சதமாகக் குறைக்கப்பட்டது. ஏற்றத்தின் பலன் சென்ற இடமும் இறக்கத்தின் சுமை சுமத்தப்பட்ட இடமும் வெவ்வேறாக இருந்தன என்பதை மக்கள் வரைபடமின்றியே உணர்ந்திருந்தனர்.

நிரம்பல் அதிர்ச்சியை உலகம் தெளிவாகக் கண்டது 1973இல். அவ்வாண்டு ஒக்டோபருக்கு முன் பீப்பாய் ஒன்று 3 டொலர் அளவில் விற்ற மசகெண்ணெய் 1974 ஜனவரியில் 12 டொலரை அண்மித்தது. எண்ணெய் எல்லா உற்பத்திக்கும் இடுபொருளாகையால் எல்லாவற்றின் உற்பத்திச் செலவும் ஏறியது. கேள்வியைப் பெருக்கினால் விலை மேலும் ஏறும், சுருக்கினால் வேலையின்மை மேலும் பெருகும். கெயின்ஸ்வழிப் பொருளியலார் இந்தச் சந்தியில் தடுமாறி நின்றனர். பணவாதம் என்ற பெயரிற் பிற்போக்குப் பொருளியல் மீண்டும் தலையெடுத்ததும் இத்தடுமாற்றத்தின் வழியேதான்.

இலங்கைக்கு எண்ணெயோடு அரிசி, கோதுமை மா, சீனி ஆகியவற்றின் உலக விலை ஏற்றமும் சேர்ந்துகொண்டது. பங்கீடு வெட்டப்பட்டது, மாவட்ட எல்லை கடந்து அரிசி கொண்டு செல்வது கட்டுப்படுத்தப்பட்டது. இவ்வதிர்ச்சி நாட்டின் இரு பகுதித் தமிழர்மீது விழுந்த விதத்தை ஒப்பிடுதல் பயனுடையது. ‘தோட்டம்’ என்ற ஒரே சொல் யாழ்ப்பாணத்தில் ஒருவன் வெங்காயமும் மிளகாயும் செய்யும் சிறு நிலத்தைக் குறிக்கும். மலையகத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் தேயிலையையும் அதன் லயன்களையும் குறிக்கும். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதிகள் தடுக்கப்பட்டமை முதலாவது தோட்டத்துக்குப் பெருவாய்ப்பாக அமைந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்கான மண்ணெண்ணெயின் விலை ஏறியபோதும், விளைவின் விலை அதனை விஞ்சி ஏறியது. படித்து வேலையற்றிருந்த இளைஞர் பலர் மிளகாய்ச் செய்கையில் இறங்கினர். அங்கும் பயன் பெற்றோர் நிலமுடையோரும் குத்தகைக்கு நிலம் பெறக்கூடியோருமே. பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியினரான நிலமற்ற கூலியாளர், விற்பதற்கு மிளகாயின்றி வாங்குவதற்கு அரிசி தேடியோராகவே இருந்தனர்.

இரண்டாவது தோட்டத்தில் நிகழ்ந்ததை விரிவாகக் கூறுதல் எளிதன்று. தோட்டத் தொழிலாளிக்குப் பயிரிடச் சொந்த நிலமில்லை. உணவு முழுவதும் பங்கீட்டையும் கூலியையும் நம்பியிருந்தது. மாப் பங்கீடு குறைந்து வெளிச்சந்தை விலை ஏறியபோது இடைவெளியை நிரப்ப வேறு வழி இருக்கவில்லை. 1974இல் நாட்டின் இறப்பு விகிதம் முந்திய ஆண்டிலும் உயர்ந்தது. தோட்டப்புறங்களில் அவ்வுயர்வு ஏனைய பகுதிகளினும் மிகப் பெரிதாக இருந்தது. அதே 1974இல் இலங்கையின் மொத்த உள்நாட்டு உற்பத்தி வீழவில்லை, சிறிது வளர்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. மொத்தம் வளர்ந்த ஆண்டிலேயே ஒரு பகுதி மக்கள் பசியால் மடிந்தனர்.

இது விதிவிலக்கன்று. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், அப்போது உணவின் மொத்த இருப்பு அசாதாரணமாக வீழ்ந்திருக்கவில்லை எனவும், யுத்தக்காலக் கேள்விப் பெருக்கத்தால் விலை ஏற, கிராமக் கூலியாளரும் மீனவரும் உணவைப் பெறும் உரித்தை இழந்தனர் எனவும் 1981இல் வெளியான நூலில் நிறுவினார். விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் ‘அசனி சங்கேத்’ என்ற வங்க நாவல் அதே பஞ்சத்தைப் பொருளாகக் கொண்டது. சத்யஜித் ராய் அதனைத் திரைப்படமாக்கியதும் 1973இலேயே. நகரத்தின் கேள்வி அதிர்ச்சி கிராமத்தில் நிரம்பல் மறைவாகத் தோன்றுவதைப் பொருளியலாளர் சூத்திரமாக்குவதற்கு முன் நாவலாசிரியர் கண்டிருந்தார் என்று நாம் சற்றே பெருமைப்பட்டுக்கொள்வதில் தவறில்லை.

1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் வாய்ப்பும் முடிந்தது. அவ்வாண்டின் இறுதியில் ரூபாவின் பெறுமதி பெருமளவு குறைக்கப்பட்டது. 1979இல் அரிசிப் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. இம்மாற்றம் கொள்கை நிபுணர்களாற் பெரிதும் பாராட்டப்பட்டதொன்று. பங்கீடு அரிசியின் அளவிற் கணிக்கப்பட்டது. முத்திரையோ ரூபாவிற் கணிக்கப்பட்டது. விலைகள் ஏறிச் செல்ல முத்திரையின் தொகை நின்ற இடத்திலேயே நின்றது. சில ஆண்டுகளுள் அதன் மெய்ப்பெறுமதி ஏறத்தாழப் பாதியாகக் கரைந்தது. நிவாரணத்தை எவரும் வெட்டவில்லை. விலைமட்டம் அந்த வேலையைச் செய்துவிட்டது.

இப்பின்னணியிலேயே அண்மைய நெருக்கடியை நோக்குதல் வேண்டும். அது ஓர் அதிர்ச்சி அன்று. ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த பல. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளும் 2020இன் கொள்ளைநோயும் சுற்றுலாவை முடக்கின. 2018இல் 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்த நாட்டுக்கு 2021இல் வந்தோர் 2 இலட்சத்தையும் எட்டவில்லை. இதற்கிடையில் 2019 டிசம்பரிற் புதிய அரசாங்கம் பெறுமதிசேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்து வேறு பல வரிகளையும் நீக்கியது. பாடநூலின்படி இது மொத்தக் கேள்வியை வலப்புறம் தள்ளும் நடவடிக்கை. நடந்ததோ, 2019இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 12 சதவீதமாயிருந்த அரச வருமானம் 2021இல் 9 சதவீதத்துக்கும் கீழே வீழ்ந்தமைதான். வருமான வரியிலிருந்து விடுவிக்கப்பட்டோர் கையில் மிஞ்சிய பணம் உள்நாட்டு உற்பத்தியை நாடிச் செல்லும் என எதிர்பார்க்க ஆதாரமெதுவும் இருக்கவில்லை. வெற்றிடத்தை மத்திய வங்கி பணம் அச்சிட்டு நிரப்பியது.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே நாளில் தடைசெய்யப்பட்டது. அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்தும் முயற்சி சேதனப் பயிர்ச்செய்கை என்ற உயர்ந்த இலட்சியத்தின் உடையை அணிந்து வந்தது. நவம்பரிற் தடை நீக்கப்படுமுன் 2021-22 பெரும்போகத்துக்கான காலம் கடந்துவிட்டது. அப்போக நெல் விளைவு முந்திய பெரும்போகத்தினின்றும் மூன்றில் ஒரு பங்குக்கு மேலாக வீழ்ந்தது. ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி அளவுக்கு இறங்கியது. நிரம்பல் வளையியை இடப்புறம் தள்ளுவதற்கு இதனினும் செவ்விய உதாரணத்தைப் பாடநூலாசிரியர் எவரும் கற்பனை செய்திருக்க மாட்டார். ‘அதிர்ச்சி’ என்ற சொல் வெளியிலிருந்து எதிர்பாராது வரும் பூமியதிர்வைப் போன்ற ஒன்றை நினைவூட்டுகிறது. இலங்கையைத் தாக்கியவற்றுட் கொள்ளைநோயும் 2022 பெப்ரவரியில் தொடங்கிய உக்ரேன் யுத்தமும் அத்தகையன. வரிக் குறைப்பும் பசளைத் தடையும் கொழும்பில் ஒப்பமிடப்பட்டவை. இவற்றையும் அதே சொல்லால் அழைக்கும்போது ஒப்பமிட்ட கை மறைந்துவிடுகிறது.

ரூபா செயற்கையாக 200 அளவிற் பிடித்து வைக்கப்பட்டிருந்தமையால் புலம்பெயர் தொழிலாளர் பணம் உண்டியல் வழி சென்றது. 2020இல் 710 கோடி டொலராக இருந்த அவ்வருவாய் 2022இல் 380 கோடியாகச் சுருங்கியது. வங்கிகளில் டொலர் இல்லை. ஆகவே எரிபொருள் இல்லை, எரிவாயு இல்லை, மருந்து இல்லை. 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டது. மே மாதமளவில் டொலரின் விலை 360 ரூபாவை எட்டியது. ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடன் மீளளிப்பு நிறுத்தப்படுவதாக அரசாங்கம் அறிவித்தது.

பாடநூல் வரைபடம் இவ்விடத்திற் போதாமற் போகிறது. அது கேள்வியையும் நிரம்பலையும் ஒன்றையொன்று சாராத இரு வளையிகளாக வரைகிறது. இறக்குமதி இடுபொருளின்றி எதனையும் உற்பத்தி செய்ய இயலாத சார்புப் பொருளாதாரத்தில் டொலரின் விலை இரண்டையும் ஒரே கணத்திற் தாக்கும். ரூபா வீழ்ந்தால் ஏற்றுமதி பெருகிக் கேள்வி வலப்புறம் செல்லும் என்பது பாடம். ஏற்றுமதி செய்வதற்கே எரிபொருளும் மூலப்பொருளும் இறக்குமதியாக வேண்டியிருக்க, உற்பத்திச் செலவு ஏறி நிரம்பல் இடப்புறம் செல்கிறது. வாழ்க்கைச் செலவு ஏறிக் கூலியின் கொள்வனவு ஆற்றல் கரைய, உள்நாட்டுக் கேள்வியும் இடப்புறம் செல்கிறது. வட மாகாணக் கரையோரங்களில் இது கண்கூடாயிற்று. வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் மண்ணெண்ணெயை நம்பியவை. முதலில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை; 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. படகு கடலுக்குச் செல்லாதபோது மீன் நிரம்பல் குறைகிறது. அதே படகின் உழைப்பாளி வீட்டில் அரிசிக்கான கேள்வியும் அன்றே குறைகிறது. இரு வளையிகளும் ஒரே குடிசைக்குள் இருக்கின்றன.

2022 ஏப்ரல் 8ஆம் நாள் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்திக் கடன் வழங்கல் வீதத்தை 14.5 சதவீதமாக்கியது. பணவீக்கம் செப்டெம்பரில் 69.8 சதவீதத்தையும், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தையும் தொட்டுப் பின் இறங்கத் தொடங்கியது. 2023 யூலையில் அது ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. பொருளாதாரமோ 2022இல் 7 சதவீதத்துக்கு மேலாகவும், 2023இல் 2 சதவீதத்துக்கு மேலாகவும் சுருங்கியது. நிரம்பல் வீழ்ந்த இடத்துக்குக் கேள்வியையும் வீழ்த்தி இரண்டையும் சந்திக்கவைத்தமையே நிகழ்ந்தது. எரிபொருள் நிலையங்களின் முன்னிருந்த நீண்ட வரிசைகள் மறைந்தமைக்கு வாராந்தப் பங்கீட்டு முறையும் ஒரு காரணம். வாங்க இயலாதோர் வரிசையிலிருந்து விலகிக்கொண்டமை மற்றொரு காரணம். வரிசையில் நின்றவனின் தேவை வெளியே தெரிந்தது. வீட்டில் இருந்துவிட்டவனின் தேவை எப்புள்ளிவிவரத்திலும் கேள்வியாகப் பதியப்படுவதில்லை. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி வறுமைக்கோட்டின்கீழ் வாழ்வோர் 2021இல் 13.1 சதவீதம், 2022இல் 25 சதவீதம். சமநிலை எய்தப்பட்டது என்னும் சொற்றொடரின் உள்ளடக்கம் இது.

பணவீக்கம் குறைந்தது என்பதை விலை குறைந்தது எனக் கொள்ளும் மயக்கமும் பரவலாக உள்ளது. ஏற்றத்தின் வேகம் தணிந்தது. ஏறிய விலை பெரும்பாலும் ஏறிய இடத்திலேயே நின்றது. இருமடங்காகிய விலை அங்கே நிலைத்து நிற்கும்போது பணவீக்கம் பூச்சியம். கூலியும் இருமடங்காகியிருந்தாலன்றி அப்பூச்சியத்திற் தொழிலாளிக்கு ஆறுதல் ஏதுமில்லை.

வட்டியை ஏற்றாதிருந்தால் விலையேற்றம் கட்டுக்கடங்காது போய் ஏழைகளையே முதலில் அழித்திருக்கும் என்ற வாதத்தை நாம் எளிதாகப் புறந்தள்ளவில்லை. அதில் உண்மை உண்டு; சேமிப்பை நிலமாகவும் டொலராகவும் மாற்றிக்கொள்ள வல்லோர்க்குப் பணவீக்கம் அத்துணை அச்சந்தருவதன்று. அவ்வாறே, எல்லாவற்றையும் சர்வதேச நாணய நிதியத்தின் சூழ்ச்சியெனக் கூறி அமையும் இடதுசாரி எழுத்தும் நமக்கு உடன்பாடன்று. நிதியத்தின் உடன்படிக்கை 2023 மார்ச்சிலேயே அங்கீகாரம் பெற்றது. பசளைத் தடையும் வரிச்சலுகையும் அதற்கு முந்தியவை, உள்ளூர் ஆளும் வர்க்கத்தின் சொந்தப் படைப்புகள். நமது வினா வேறிடத்தில் எழுகிறது. மொத்தக் கேள்வி சுருங்கவேண்டும் என்றே கொள்வோம். அது நான்கு கூறுகளின் கூட்டுத்தொகையாயிற்றே. நுகர்விலும் பல வகுப்பினரின் நுகர்வு அடங்கியுள்ளதே. எக்கூறு, எவருடைய நுகர்வு சுருங்கவேண்டும் என்பதை வரைபடம் சொல்வதில்லை. அதை வேறு எவரோ சொல்கின்றனர்.

சொல்லப்பட்டவற்றை நிரைப்படுத்தின் தெளிவு பிறக்கும். 8 சதவீதமாகக் குறைக்கப்பட்ட பெறுமதிசேர் வரி 2022இல் முதலில் 12 ஆகவும் பின் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 ஆகவும் உயர்த்தப்பட்டது. பருப்பு வாங்குபவனும் மாளிகை கட்டுபவனும் ஒரே வீதத்திற் செலுத்தும் வரிக்கே முதலிடம் கிடைத்தது. செல்வத்தின் மீதான வரி பேச்சளவிலேயே நின்றது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏற்றப்பட்டது. சதவீத அளவில் மிகப் பெரிய ஏற்றம் மிகக் குறைந்த அலகுகளைப் பாவிக்கும் வீடுகளுக்கே. 2023இன் நடுப்பகுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது வங்கிகள் தம்மிடமுள்ள திறைசேரி முறிகளை மாற்றிக்கொள்ளும் கடப்பாட்டினின்றும் விலக்கப்பட்டன. உழைப்பாளரின் முதுமைக்கால வைப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு அவ்விலக்கு வழங்கப்படவில்லை. மாற்றத்துக்கு உடன்படாவிடின் அதன் வருமானத்தின் மீது 14 சதவீதத்துக்குப் பதிலாக 30 சதவீத வரி விழும் எனச் சட்டம் செய்யப்பட்டது. சந்தை தானாக நடத்திய செயல் எதுவும் இந்நிரையில் இல்லை.

தேயிலையையும் ஒருமுறை நோக்குவோம். பசளையின்றி விளைவு குன்றியதாலும் ரூபா வீழ்ந்ததாலும் கொழும்பு ஏலத்திற் தேயிலையின் சராசரி ரூபா விலை 2022இல் முந்திய ஆண்டினும் ஏறத்தாழ இருமடங்காயிற்று. எரிபொருள், பசளை, போக்குவரத்து ஆகிய செலவுகளும் ஏறின என்று தோட்டக் கம்பனிகள் கூறுவது பொய்யன்று. ஆயினும் அச்செலவுகளுள் ஒன்றுமட்டும் ஏறவில்லை. பல ஆண்டுக் கோரிக்கையின் பின் 2021 மார்ச்சில் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபா. 2021ஐ அடியாண்டாகக் கொண்டு 100 எனக் கணிக்கப்படும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 2024இல் இருமடங்கை அண்மித்திருந்தது. 1700 ரூபா என 2024இல் வெளியிடப்பட்ட வர்த்தமானி அறிவித்தலைத் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றன. அது செயற்படாது நின்றது. அவ்வாண்டு செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. இடைப்பட்ட மூன்றரை ஆண்டும் அது 1000 ரூபாவாகவே இருந்தது. கொழுந்தின் நிறை குறைந்த நாட்களில் அதுவும் முழுமையாகக் கைக்கு வரவில்லை என்பதைத் தொழிலாளர் திரும்பத் திரும்ப முறையிட்டு வந்துள்ளனர்.